சுருதிப் பெட்டி: எழுபத்தைந்து வயதுக் காதுக்கும் பதினைந்து வயது விரலுக்கும் எது ஒத்துவரும்?

பல் விழுந்தால் நாகஸ்வரக்காரருக்குப் பாதி வாசிப்பு போய்விடும். நாணலால் ஆன ஊதுவாயை, அதாவது சீவாளியை, கவ்வுகிற உதட்டுக்குப் பின்னால் பல் நின்றாக வேண்டும். மூச்சும் குறைந்துவிட்டால் நாயனம் உறைக்குள் போய்விடும். சுருதி ஞானம் மட்டும் எங்கும் போகாது. இந்தப் பக்கம், அதே தெருவில் பெருமூளை வாதத்தோடு சக்கர நாற்காலியில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பையன். வலது கை இறுகியிருக்கும், பேச்சு கொஞ்சம் இழுக்கும், ஆனால் பிடித்த ஸ்வரத்தில் குரல் நேராக நிற்கும். இவர்கள் இருவரும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் நடுவில் எந்தச் சுருதிப் பெட்டி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஸ்வரத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் பெட்டி, இருக்க வேண்டும் என்பதற்கான மதிப்புரை இது. கச்சேரிக்காரர்களுக்கானது அல்ல. பையனுக்கு வேறு வகை ஊனம் இருந்தாலும், பெரியவர் பாட்டு வாத்தியாராகவோ வயலின்காரராகவோ இருந்தாலும், கணக்கு பெரும்பாலும் இதேதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குமிழ் வைத்த, பழைய பாணி மின்னணுப் பெட்டியை வாங்குங்கள். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுகிற திரையும் பொத்தானுமான மாடல் இரண்டாவது இடம்தான். கைபேசிச் செயலி ஊருக்குப் போகும்போது வைத்துக்கொள்ள. துருத்திப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் விற்க வேண்டாம், புதிதாக வாங்கவும் வேண்டாம்.

துருத்திப் பெட்டியிலிருந்து தொடங்குவோம், பெரியவரின் மனசு அதில்தான் இருக்கும். நாயன மேளத்தில் ஆதார சுருதியை மட்டும் ஒத்துக்காரர் மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருந்த இடத்தைப் பின்னாளில் பிடித்தது இந்தப் பெட்டிதானே. உள்ளே பித்தளை நாக்குகள், காற்றுக்குத் துருத்தி, அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம். நாதமும் மரத்தின் வழியாக வருவதால் காதைக் குத்தாது. சிக்கல் கையில். ஒரு கை ஓயாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இறுகிய கையால் அமுக்கினால் காற்று விட்டுவிட்டுப் போகும், ஒலி ஏறி இறங்கும். பலமாக அமுக்கினால் நாக்கின் சுருதியே ஒரு மயிரிழை இறங்கிவிடும். தோள்பட்டை பிடித்துக்கொண்ட பெரியவருக்கும் பத்து நிமிஷத்துக்கு மேல் முடியாது. ஒரே ஒரு ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது: பெட்டியை மேசையோடு கட்டிவிட்டு, பையன் நல்ல கையால் அமுக்க, பெரியவர் பாட வேண்டும். ஒத்துக்காரன் வேலை பையனுக்கு. மூச்சுக்கும் கைக்கும் நிதானம் வர இது நல்ல பயிற்சி. அதற்கு மேல் இதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். மழைக்காலத்தில் நாக்கில் பச்சை பூத்துச் சுருதி விலகும். நுனியைச் சுரண்டினால் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். கை பழகாதவர்கள் சுரண்டக் கூடாது.

மின்னணுப் பெட்டிக்கு வருவோம். பெங்களூர் ராடெல் நிறுவனத்தின் ஜி. ராஜ் நாராயண், தாமே புல்லாங்குழல் வாசிப்பவர், 1970-களின் கடைசியில் தொடங்கி வைத்த வழி இது. பிறகு பலர் செய்தார்கள். குமிழ் மாடல்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: கட்டையை, அதாவது ஆதார ச எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை, தேர்ந்தெடுக்க ஒரு குமிழ், நுணுக்கமாக ஏற்றி இறக்க ஒன்று, ஒலி அளவுக்கு ஒன்று, பஞ்சமமா மத்யமமா என்பதற்கு ஒரு சுவிட்ச். கட்டைக் குமிழ் 'டக் டக்' என்று நின்று நின்று திரும்பும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. பார்வையில்லாத பிள்ளைகள் இடது கோடியிலிருந்து எத்தனை 'டக்' என்று எண்ணியே வைத்துவிடுவார்கள்.

திரை மாடலில் என்ன குறை? சுருதி நகராது, வைத்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒரே அமுக்கலில் திரும்பக் கொடுக்கும். இறுகிய விரலுக்கு இது பெரிய சௌகரியம், மறுக்கவில்லை. ஆனால் பொத்தான்கள் ஒரே பிளாஸ்டிக் தோலுக்கு அடியில் தட்டையாக இருக்கும். தடவினால் ஒன்றும் தெரியாது. சின்னத் திரையை எழுபத்தைந்து வயதுக் கண்ணும் படிக்காது. விரல் சட்டென்று விலகாத பிள்ளைகள் அமுக்கினால் ஒரு தடவை என்பது நீண்ட அமுக்கலாகி வேறு எதையாவது திறந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் இன்னொன்று: அது தானே சுருதி சேர்த்துக்கொள்கிறது. இந்த ஜோடிக்கு அதுதான் நஷ்டம். "தம்பி, கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று பெரியவர் சொல்ல, "இப்ப தாத்தா?" என்று பையன் குமிழை மயிரிழை திருப்ப, "போதும், தாண்டிட்ட" என்று அவர் கையை உயர்த்த, அந்த ஐந்து நிமிஷம்தான் பாடத்திலேயே பெரிய பாடம். ஒருவருக்குக் காது, இன்னொருவருக்குக் கை. இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது.

அந்த ஐந்து நிமிஷத்தை எப்படிச் செய்வது என்றால், முதலில் ச மட்டும். பெட்டி அதற்கு விடாவிட்டால் ஒலியைக் குறைத்து, ச-வின் மேல் மட்டும் கவனம். பெரியவர் தம் குரலுக்குச் சௌகரியமான இடத்தில் முனக, பையன் கட்டைக் குமிழை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மீதியை நுணுக்கக் குமிழில் செய்ய வேண்டும். இரண்டு ஒலி நெருங்கும்போது அலை கேட்கும். நொடிக்கு இரண்டு அலை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 2 ஹெர்ட்ஸ். ஒரு அலை என்றால் 1 ஹெர்ட்ஸ். குமிழைத் திருப்பத் திருப்ப அலை மெதுவாகி நின்றால் சேர்ந்துவிட்டது. வேகம் கூடினால் எதிர்ப்பக்கம் போகிறோம் என்று அர்த்தம். எண்ணத் தெரிந்த யாரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். குரலே கொஞ்சம் ஆடும் என்பதால் தம்பூராவோ இன்னொரு பெட்டியோ இருந்தால் அதை வைத்துப் பழகுவது சுலபம்.

பஞ்சமத்தில் ஒரு பொறி இருக்கிறது. 1 கட்டை ச ஏறக்குறைய 130.8 ஹெர்ட்ஸ். சுத்தமான பஞ்சமம் அதற்கு ஒன்றரை மடங்கு, 196.2. கீபோர்டு கணக்கில் செய்யப்பட்ட பெட்டியோ செயலியோ 196.0 கொடுக்கும். வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வில் உபஸ்வரங்கள் மெல்லக் கூடவே ஒலிக்கும்; ச-வின் மூன்றாவது உபஸ்வரமும் ப-வின் இரண்டாவது உபஸ்வரமும் 392-க்குப் பக்கத்தில் உரசும்போது இரண்டே கால் நொடிக்கு ஒரு தடவை ஒரு மெல்லிய அலை எழும். கடையில் பெரியவர் "பஞ்சமம் அலையுது" என்று முகம் சுளித்தால் கடைக்காரர் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அலைவது உண்மை. அந்தப் பெட்டியை வைத்துவிடுங்கள்.

மத்யம சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. ராகத்தில் பஞ்சமம் இல்லாவிட்டால் ம-வுக்கு மாற்ற வேண்டும் என்று பெட்டியோடு வரும் காகிதத்தில் போட்டிருப்பார்கள். ஹிந்தோளத்துக்கும் ஸ்ரீரஞ்சனிக்கும் அது சரியாக வரும். ரஞ்சனியிலும் ஹம்ஸானந்தியிலும் இருப்பது உயர்ந்த ம-வான பிரதி மத்யமம்; சுவிட்ச் கொடுப்பது தாழ்ந்த ம-வான சுத்த மத்யமம். அங்கே இந்தச் சுவிட்சைத் தட்டினால் விபரீதம். இந்தச் சுவிட்சுக்கு உண்மையான வேலை புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி மாதிரி மத்யம சுருதியில், அதாவது ம-வையே ஆதாரமாக வைத்து, பாடும் ராகங்களில். நாயனக்காரர் புன்னாகவராளியை எடுக்காமல் இருக்க மாட்டார். ஆகவே அந்தச் சுவிட்ச் பையன் கைக்கு எட்டுகிற பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் பின்பக்கம் வைத்திருக்கிறார்கள், ஏன் என்று தெரியாது.

இருவருக்கும் ஒரே கட்டை சரிப்படாது என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். பெரியவர் காதில் நிற்பது நாயனச் சுருதி. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை வழக்கத்துக்குக் கொண்டுவந்த, நீளம் கூடிய பாரி நாயனம் என்றால் 2, 2½ கட்டை. பாடும்போது வயதுக்கு 1 கட்டை, அதற்கும் கீழே வந்துவிடுவார். பெண் பிள்ளை என்றால் 5, 5½ கட்டை. பையனுக்குக் குரல் உடைகிற வயதானால் இந்த மாதம் நின்ற இடத்தில் அடுத்த மாதம் நிற்காது. கட்டைக் குமிழில் இரண்டு இடங்களில் அடையாளம் வைத்துவிட்டால் மாற்றி மாற்றிப் பாடச் சுலபம். உடைகிற குரலுக்கு மட்டும் அடையாளத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றி வையுங்கள், பழைய கட்டையில் இழுத்துப் பிடித்துப் பாட வைக்க வேண்டாம்.

அடையாளத்துக்கு ஒட்டுப்பொட்டு வேண்டாம், வேர்வையில் விழும். பிசைந்து ஒட்டினால் இறுகிவிடும் எம்-சீல் பசையில் மிளகு அளவு உருண்டை பிடித்து ஒட்டுங்கள். குமிழில் ஒன்று, அதற்கு நேராக முகப்பில் ஒன்று. இரண்டும் சந்தித்தால் 1 கட்டை. இரண்டாவது கட்டைக்கு முகப்பில் இரட்டை உருண்டை. ஒலிக் குமிழிலும் 'இதற்கு மேல் வேண்டாம்' என்கிற இடத்தில் ஒன்று. அது ஏன் என்று பின்னால் வருகிறது.

இறுகிய விரலுக்குச் சின்னக் குமிழ் எதிரி. கிள்ளிப் பிடித்துத் திருப்புகிற வேலை அதனால் முடியாது. உள்ளங்கையால் தள்ளுகிற வேலை முடியும். நுணுக்கக் குமிழைக் கழற்றிவிட்டு நாலைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய குமிழையோ, கைப்பிடி நீண்ட குமிழையோ மாட்டுங்கள். பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தண்டு. அது ஒரு பக்கம் தட்டையாக வெட்டியதா, வரி வரியாகப் பல் வைத்ததா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். சென்னையில் மின்னணு உதிரிகள் விற்கும் ரிச்சி தெரு மாதிரி இடங்களில் இருபது முப்பது ரூபாய்ச் சமாசாரம். பக்கத்துக் குமிழோடு இடிக்குமா என்று அளந்து பாருங்கள். இடித்தால் வட்டத்தை விட்டுக் கைப்பிடி வகைக்குப் போங்கள். நீண்ட கைப்பிடியில் இன்னொரு லாபம்: கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் குமிழ் கொஞ்சம்தான் திரும்பும், சுருதி தாவாது. குமிழை வெளியிலிருந்து இழுத்தோ சின்னத் திருகைத் தளர்த்தியோ எடுத்துவிடலாம், பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. திறந்தால் உத்தரவாதம் போய்விடும்.

தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைகளுக்கு இது நேர்மாறு. விரல் நுணுக்கம் இருக்கும், பலம் இருக்காது. அவர்களுக்குக் கடினமான 'டக்' குமிழ் ஆகாது, ஒலிக் குமிழோடு சேர்ந்த சுவிட்சைத் திருப்பவே சிரமப்படுவார்கள். திரை மாடலை அவர்களுக்கு மட்டும் முதலிடத்தில் வைக்கலாம்.

பெட்டி நகராமல் இருக்க வேண்டும். எடை குறைவு, பலமான ஒரு தள்ளலில் மேசையை விட்டு விழும். குளியலறை ரப்பர் பாயில் ஒரு துண்டு வெட்டி அடியில் போட்டால் போதும்; போதவில்லை என்றால் வெல்க்ரோ. சக்கர நாற்காலியின் கைப்பிடி மேசைக்கு அடியில் போக ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், உங்கள் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். முழங்கை உயரத்துக்குப் பெட்டி வந்தால் தோள் இறுகாது. தோள் இறுகினால் கழுத்து இறுகும், பிறகு குரலும் வராது. இரும்புப் பீரோ மேல் வைக்காதீர்கள், தகடு சேர்ந்து அதிர்ந்து கிர் என்று தனி ஸ்வரம் போடும்.

இப்போது பெரியவர் காதுக்கு வருவோம், வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வயதில் முதலில் போவது மேல் ஒலிகள். சின்ன ஒலிபெருக்கியில் அடி ஒலி வராது. 130 ஹெர்ட்ஸைக் கைபேசி ஏறக்குறைய விட்டே விடும், உபஸ்வரங்களை மட்டும் கொடுக்கும். அதையும் இவர் காது முழுக்க வாங்காது. ஆகவே பெட்டியில் வெளி ஒலிபெருக்கிக்கான துளை கட்டாயம் இருக்க வேண்டும். ஐந்து அல்லது ஆறு அங்குல ஒலிபெருக்கி ஒன்றை அவருடைய நல்ல காதின் பக்கம், ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

காது கேட்கும் கருவி போட்டிருந்தால் வேறு கூத்து. விடாமல் ஒரே மாதிரி வரும் ஒலியை அந்தக் கருவி மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துச் சில நொடிகளில் குறைக்கத் தொடங்கும். சுருதி என்றாலே விடாமல் வரும் ஒலிதானே! "பெட்டிச் சத்தம் கம்மியாயிடுச்சு தம்பி" என்பார். பையன் ஏற்றுவான். கருவி மறுபடி குறைக்கும். இப்படியே பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். ஒலிக் குமிழில் உருண்டை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இன்னொன்று, விசில் சத்தத்தைத் தடுக்கும் பகுதி சுருதியையே விசில் என்று எண்ணி அதை வெட்டப் பார்க்கும். அப்போது ச நடுங்குவதுபோல் அவருக்கு மட்டும் கேட்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கருவி பொருத்தியவரிடம் இசைக்கென்று தனி நிரல் போட்டுத் தரச் சொல்லுங்கள்: இரைச்சல் குறைப்பும் விசில் தடுப்பும் அதில் அணைந்திருக்க வேண்டும், அல்லது முடிந்தவரை குறைந்திருக்க வேண்டும்.

செயலிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலவசம், நாதமும் சிலவற்றில் உண்மையான தம்பூராவைப் பதிந்ததால் அருமை. ஆனால் நடுவில் அழைப்பு வரும், விளம்பரம் வரும். பார்வையில்லாத பிள்ளைக்குக் கைபேசி படித்துக் காட்டும்போது பல செயலிகளில் 'பெயரிடாத பொத்தான், பெயரிடாத பொத்தான்' என்றுதான் வருகிறது. விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். புளூடூத் ஒலிபெருக்கியின் தாமதம் சுருதிக்குத் தொந்தரவு இல்லை, தாளத்துக்குத் தொந்தரவு.

தாளம் என்றதும் தாளப் பெட்டியையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். வாங்க வேண்டாம். ஆதி தாளத்தின் முதல் பகுதியான லகுவில் ஒரு தட்டுக்குப் பிறகு சுண்டு விரலிலிருந்து மூன்று எண்ணிக்கை, அதற்கு மேல் ஒரு தட்டும் ஒரு வீச்சுமான திருதம் இரண்டு, மொத்தம் எட்டு. விரல் எண்ணுவது இறுகிய கைக்கு வராது, மூச்சும் பாட்டு வரியின் முடிவுவரை எட்டாமல் போகலாம். பெட்டி காத்திருக்காது. பெரியவர் காத்திருப்பார். பையனின் நாற்காலிக் கைப்பிடியிலேயே அவர் தட்டிப் போட்டால் முழங்கை வழியாகவே தாளம் ஏறும். பார்வையில்லாத பிள்ளை அவர் மணிக்கட்டில் கை வைத்துக்கொண்டால் வீச்சும் தட்டும் தனித்தனியாகத் தெரியும்.

வாங்கப் போகும்போது இருவரும் சேர்ந்து போக வேண்டும். வாத்தியக் கடைகளில் பல இரண்டு மூன்று படி ஏறிய குறுகலான கடைகள். முன்கூட்டியே போன் செய்து, பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து காட்ட முடியுமா என்று கேளுங்கள். வாசலில் பேருந்துச் சத்தத்தில் அலை கேட்காது, அதனால் கடை திறக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். கடைக்காரர் பையனை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடமே பேசினால், கும்பகோணம் சரப சாஸ்திரி கண் தெரியாமலேயே புல்லாங்குழலைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தவர் என்பதை ஞாபகப்படுத்தலாம். பெட்டியைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். பழைய அனலாக் வகை சூடாகும்போது சுருதி நகரும். பத்து நிமிஷத்துக்குப் பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தால் வேண்டாம். அடாப்டரை மாட்டியும் மாட்டாமலும் கேளுங்கள். மட்டமான அடாப்டர் 100 ஹெர்ட்ஸில் முனகும். 1 கட்டைக்காரருக்கு மந்தர பஞ்சமம், அதாவது ச-வுக்குக் கீழே வரும் ப, 98 ஹெர்ட்ஸ். அந்த முனகல் ஏறிப்போன பஞ்சமமாக உட்கார்ந்துகொண்டு பெரியவரைச் சித்திரவதை செய்யும். வேறு அடாப்டர் வாங்குவதானால் வோல்ட்டும், நடு முனை பிளஸா மைனஸா என்பதும் பெட்டியில் அச்சிட்டபடியே இருக்க வேண்டும். மாறினால் ஒரு நொடியில் பெட்டி போய்விடும். ஒரு வாரத்துக்கு மேல் பாட்டு இல்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்து வையுங்கள், கசிந்து கம்பியைத் தின்றுவிடும்.

ஒன்றிரண்டு வருஷத்தில் நுணுக்கக் குமிழ் கரகரக்கத் தொடங்கும். தினமும் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் திருப்பினால் உள்ளே கரிப் பாதை அந்த இடத்தில் தேயும், திருப்பும்போது சுருதி தாவும். முதலில் தொடர்பு சுத்தம் செய்யும் தெளிப்பானைக் குமிழின் தண்டோரமாக இரண்டு தடவை அடித்து, கோடிக்குக் கோடி இருபது முறை திருப்பிப் பாருங்கள். சரியாகாவிட்டால் ரேடியோ பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, அதே மதிப்பும் அதே வகையுமான உதிரியைப் போடச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு எம்-சீல் உருண்டைகள் பழைய இடத்தில் நிற்காது. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெரியவர் முனக, பையன் திருப்ப, மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டியதுதான்.